நடுத்தர விலையில் ஒரு பூல் கோல்: பணத்தை எந்தப் பாதியில் போடுவது?

இரண்டாம்பந்து

இரண்டு ஆண்டுகளாக, பூல் ஆடும் இடத்தில் சுவரோரம் நிற்கும் பொதுக் கோல்களில் ஏதோ ஒன்றை எடுத்துத்தான் ஆடி வருகிறேன். ஒரு நாள் கையில் வருவது வில் போல் வளைந்திருக்கும். மறுநாள் வருவதன் டிப், அதாவது நுனியில் ஒட்டிய தோல், பாதி உரிந்து தொங்கும். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மிக மலிவானது வேண்டாம். கைவினைஞரிடம் சொல்லிச் செய்யும் கோலுக்கு வசதியில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதாவது.

விளம்பரங்களைப் படித்ததும் தலை சுற்றிவிட்டது. 12.75 மி.மீ., 19 அவுன்ஸ், 5/16×18, குறைவிலகல், கார்பன் ஃபைபர் என்று ஒரே எண்ணும் எழுத்தும். நான் பெரும்பாலும் எட்டுப்பந்து ஆடுகிறேன். இப்போதுதான் ஒன்பதுப்பந்துக்கு வந்திருக்கிறேன். பெரிய குறை ஒன்று உண்டு: பக்கச் சுழற்சி கொடுத்துத் தூரத்துப் பந்தை அடித்தால் பாக்கெட்டின் ஓரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. நல்ல கோல் வாங்கினால் இது சரியாகுமா?

நீலத்தூள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழியைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விஷயத்தில் கூடமும் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் வேறு கோலில் ஆடினால், தவறு கையிலா கோலிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று கேள்விகள். பிரிட்ஜ் கையில், அதாவது மேசையில் ஊன்றிக் கோலைத் தாங்கும் கையில், விரலை வளையமாக மூடி ஆடுகிறீர்களா, திறந்து வைத்தா? பிரிட்ஜ் கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடுவீர்கள்? கை வியர்க்குமா?

இரண்டாம்பந்து

பெரும்பாலும் திறந்த கை. பின்சுழற்சி கொடுக்கும்போதும் பிரேக்கிலும், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியிலும், மட்டும் மூடுவேன். தூரம் சுமார் 25 செ.மீ. வியர்வையைக் கேட்கவே வேண்டாம். ஆட்டம் இறுகினால் உள்ளங்கை நனைந்துவிடும்.

மேப்பிள் பித்தன்

உங்கள் குறைக்குப் பெயர் உண்டு: விலகல். வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் அடித்தால் பந்து கோல் காட்டிய திசையில் நேராகப் போவதில்லை. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கித்தான் கிளம்பும். டிப் பந்தைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் பந்து சுழலத் தொடங்கி, டிப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஷாஃப்டின், அதாவது கோலின் முன்பாதியின், நுனி எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புதான் பந்தை மறுபக்கம் ஒதுக்குகிறது. நுனி இலேசாக இருந்தால் அது விலகி வழிவிடும், பந்து அதிகம் ஒதுங்காது. ஷாஃப்ட் வளைந்து கொடுப்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வளைவதைவிட நுனியின் எடையே பெரிய காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி ஒதுங்கினால், ஒரு மீட்டர் தூரத்தில் 17 மி.மீ.க்கு மேல் தவறும். இரண்டு மீட்டரில் 35 மி.மீ. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; அதில் பாதியைவிட அதிகமாகவே தவறிவிட்டீர்கள். ஒன்பது அடி மேசையின் ஆடுபரப்பு 254 செ.மீ. நீளம். இவ்வளவு இடத்தில் ஒரு டிகிரி சின்ன விஷயமில்லை.

குறைவிலகல் ஷாஃப்ட் என்று விற்பதெல்லாம் நுனியின் எடையைக் குறைத்தவைதான். உள்ளே துளையிட்டிருப்பார்கள், மரத்தைத் துண்டுகளாக ஒட்டியிருப்பார்கள், டிப்புக்கு அடியில் உள்ள ஃபெரூல் என்ற வளையத்தைச் சின்னதாக்கியிருப்பார்கள். 1990களில் பிரிடேட்டர் நிறுவனத்தின் 314 ஷாஃப்ட் இந்த வழியைப் பரவலாக்கியது. கார்பன் ஃபைபர் ஷாஃப்டுகள் பின்னால் வந்தவை. ஒன்றை மறக்க வேண்டாம்: எந்த ஷாஃப்டும் விலகலைப் பூஜ்யமாக்காது. 'விலகலே இல்லை' என்று ஒருவர் சொன்னால் அவர் விற்க வந்தவர்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். வெள்ளைப் பந்தின் நடுவுக்கு நேராகக் குறி வையுங்கள். பிரிட்ஜ் கையை அசைக்காமல், கோலின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் பின்கையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி, டிப் பந்தின் ஓரத்தைப் பார்க்கும்படி வைத்து வேகமாக அடியுங்கள். பந்து முதலில் குறித்த கோட்டிலேயே போனால், உங்கள் பிரிட்ஜ் தூரம் அந்த ஷாஃப்டுக்குப் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் தூரத்தைக் கூட்டிக் குறைத்துத் தேடுங்கள். விலகல் குறைந்த ஷாஃப்டுக்கு அந்தத் தூரம் நீளமாக இருக்கும், விலகல் கூடியதற்குக் குட்டையாக. குட்டை பிரிட்ஜில் ஆடுகிறவர் மற்றவர் சொன்னார் என்பதற்காக மிகக் குறைந்த விலகல் ஷாஃப்டை வாங்கி விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய கை

முப்பது ஆண்டுகளாகச் சாதாரண மேப்பிள் மர ஷாஃப்டில் ஆடுகிறவன். மேலே எழுதியவர் சொன்ன அறிவியலில் பிழையில்லை, ஆனால் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டார்.

மேசையின் விளிம்பு குறுக்கே நிற்பதால் கோலின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். அப்படித் தூக்கியபடி வலப்பக்கம் அடித்தால், பந்து முதலில் இடப்பக்கம் ஒதுங்கும், பிறகு வலப்பக்கம் வளைந்து திரும்பும். வேகமாக அடித்தால் வளைவு தாமதமாக வரும்; வெள்ளைப் பந்து மோத வேண்டிய பொருள்பந்தை அடைவதற்குள் ஒதுங்கல் மட்டுமே தெரியும். மெதுவாக அடித்தால் வளைவு சீக்கிரமே வேலை செய்துவிடும். சாதாரண ஷாஃப்டில் இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். குறைவிலகல் ஷாஃப்டில் ஒதுங்கல் குறைவு, வளைவு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் மெதுவான அடிகளில் பந்து மறுபக்கம் தவறும். புதிதாக மாறியவர்கள் முதல் மாதம் புலம்புவது இதனால்தான்.

நான் மாறவில்லை, மாறவும் மாட்டேன். என் கண் முப்பது ஆண்டுகளாக ஒரே கணக்கைப் போட்டுப் பழகிவிட்டது.

மேப்பிள் பித்தன்

ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உங்களுக்கு முப்பது ஆண்டுக் கணக்கு இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு இரண்டு ஆண்டுதான், அதுவும் நாளொரு கோல். மறப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. புதிதாகப் பழகப் போகிற கணக்கு சின்னக் கணக்காகவே இருக்கட்டுமே.

பழைய கை

அது நியாயம்.

திருகாணி

எல்லாரும் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதை மாட்டுகிற திருகை யாரும் கேட்கவில்லை. நடுத்தர விலையில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

பூல் கோல் இரண்டு துண்டு. நடுவில் ஒரு திருகு. 5/16×18 என்றால் திருகின் விட்டம் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அங்குலத்துக்கு 18 மரைகள். 5/16×14, 3/8×10, ரேடியல், யூனி-லாக் என்று இன்னும் பல. ஒன்றின் ஷாஃப்ட் மற்றொன்றில் ஏறாது. மெக்டெர்மாட் கோல்களில் 3/8×10 அதிகம், பிரிடேட்டரில் யூனி-லாக் அதிகம், ஜப்பானின் மெஸ் தனக்கென்று வேவி என்ற திருகையும் வைத்திருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் திருகுள்ள கோலை வாங்கினால், இன்று இருக்கும் ஷாஃப்டிலேயே ஆடிவிட்டு இரண்டு ஆண்டு கழித்து ஷாஃப்டை மட்டும் மாற்றலாம்.

என் கதையைக் கேளுங்கள். முதன்முதலில் வாங்கிய கோலின் கைப்பிடியில் முத்துப் பதித்ததைப் போல் வேலைப்பாடு. பார்த்ததும் மயங்கிவிட்டேன். எட்டு மாதத்தில் ஷாஃப்டின் ஃபெரூல் அருகே விரிசல். வேறு ஷாஃப்ட் தேடினால், அந்தத் திருகு உலகத்தில் வேறு யாரும் பயன்படுத்தாத ஒன்று. செய்தவர்களும் அந்த மாதிரியை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த அழகான பின்பாதி அலமாரியில் கிடக்கிறது. என் மகன் அதை வாளென்று எடுத்துச் சண்டை போடுகிறான்.

பின்பாதியில் கருங்காலி மரம் என்றும் கொக்கோபோலோ மரம் என்றும் போட்டு விலையை ஏற்றுவார்கள். உங்கள் குறியை அது ஒரு மி.மீ. கூட மாற்றாது. இணைப்பு எஃகா, மரத்தோடு மரமா என்பதில் கையில் உணர்வும் ஓசையும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கோலைக் கையில் வைத்திருக்கையில் மனதுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அழகுக்குத் தரும் பணம் அழகுக்குத்தான் என்று தெரிந்து கொடுங்கள்.

ஈரக்கை

பெயரைப் பார்த்தாலே தெரியும், வியர்வைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.

பின்கைக்கு: ஐரிஷ் லினன் நூல் சுற்றிய பிடி வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் நாளடைவில் அழுக்கேறும். தோல் பிடி மென்மையாக இருக்கும். என் கைக்கு நனைந்தால் வழுக்குகிறது, சிலருக்கு நேர்மாறு. சுற்றே இல்லாத வழவழப்பான பின்பாதி பார்க்க அழகு, நம்மைப் போன்றவர்களுக்குச் சோதனை. ரப்பர் கலந்த விளையாட்டுப் பிடியும் உண்டு. பார்க்கச் சைக்கிள் கைப்பிடி மாதிரி இருக்கும், ஆனால் நழுவாது.

முன்கைக்கு: மர ஷாஃப்ட் வியர்வையையும் சாக் தூளையும் குடித்து நீலமாகிப் பிசுபிசுக்கும். ஈரத்துணியால் இலேசாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டும். மணல்தாளைத் தொடவே தொடாதீர்கள். தேய்க்கத் தேய்க்க விட்டம் குறைந்துகொண்டே போகும், அது திரும்பி வராது. கார்பன் ஃபைபர் எதையும் குடிக்காது, மரம் போல ஈரத்தில் வளையாது, எளிதில் பள்ளம் விழாது. அதன் ஓசை மட்டும் சிலருக்குப் பிடிப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கெல்லாம் மலிவான மருந்து மூன்று விரல் கையுறை. முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது அது இல்லாமல் பையைத் திறப்பதில்லை.

இரண்டாம்பந்து

எல்லாருக்கும் நன்றி. எடையையும் டிப் அளவையும் யாரும் தொடவில்லையே? கனமான கோல் நேராகப் போகும் என்று ஒருவர் சொன்னார், மெல்லிய டிப் அதிகம் சுழற்றும் என்று இன்னொருவர். இரண்டும் உண்மையா?

நீலத்தூள்

எடை: விதிப்படி உச்சம் 25 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 709 கிராம். கடையில் கிடைப்பவை 18 முதல் 21 வரை. எது சரி என்று தெரியாதவர் 19 எடுத்தால் பெரிதாகத் தவறிப்போகாது. பல கோல்களில் பின்முனைக்குள் ஓர் எடைத் திருகாணி இருக்கும்; அதை மாற்றிக் கூட்டிக் குறைக்கலாம். வாங்கும்போதே அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். கனமான கோல் நேராகப் போகும் என்பது கட்டுக்கதை. நேராகப் போவது கைதான். ஒரே எடையுள்ள இரண்டு கோல்கள் கையில் வேறு வேறாகத் தோன்றும். சமநிலைப் புள்ளி முன்னே தள்ளியிருந்தால் முன்கனமாக, பின்னே இருந்தால் இலேசாக. ஆகவே எண்ணைப் படிக்காமல் பிடித்துப் பாருங்கள்.

நீளம்: 58 அங்குலம் பொதுவானது. நீங்கள் மிக உயரமில்லை என்றால் யோசிக்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

டிப் விட்டம்: இங்கேதான் பேச ஆசை. பூல் கோல்களில் பெரும்பாலும் 12 முதல் 13 மி.மீ.க்குள், விதிப்படி உச்சம் 14. மெல்லிய டிப் தானாகச் சுழற்றாது. பந்து எவ்வளவு சுழலும் என்பதை முடிவு செய்வது, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளித் தொட்டீர்கள் என்பது. நடுவிலிருந்து ஆரத்தில் பாதி தூரம், அதாவது ஏறக்குறைய 14 மி.மீ. வரை தள்ளலாம். அதைத் தாண்டினால் டிப் வழுக்கும், அது எந்த டிப்பாக இருந்தாலும். மெல்லிய டிப்பில் பந்தின் எந்த இடத்தைத் தொடுகிறோம் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, துணிச்சல் வருகிறது, இன்னும் ஓரத்தில் அடிக்கிறோம். சுழற்சி அதிலிருந்து வருகிறது. ஆனால் அடி கொஞ்சம் ஆடுகிறவருக்கு அந்தத் துணிச்சலே வினையாகும். ஓரத்தைக் குறிவைத்துக் கை நடுங்கினால் வழுக்கல் உறுதி. நீங்கள் 12.5 அல்லது அதை ஒட்டிய அளவில் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

டிப்பின் கடினத்துக்கும் இதே கதை. மென்மையான டிப் அதிகம் சுழற்றும் என்பார்கள். அதன் உண்மையான பயன் சாக்கை நன்றாகப் பிடித்துக்கொள்வது. தொல்லை, சீக்கிரம் பரந்து காளான் போல் விரியும். கடினமானது உருவம் மாறாது, ஆனால் சாக் தடவ மறந்தால் மன்னிக்காது. நடுத்தரக் கடினத்தில், தோலை அடுக்கடுக்காக ஒட்டிய டிப் ஒன்றைப் போட்டால் பல மாதம் கவலையில்லை. ஜப்பானின் கமூய் நிறுவனம் பன்றித்தோல் அடுக்குகளில் செய்வது பெயர் பெற்றது. கோல் முழுவதிலும் மிகக் குறைந்த விலைக்கு மிக அதிக மாற்றம் தருவது டிப்தான். இதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள், ஏனென்றால் அதில் லாபமில்லை.

கிளைக்கதை ஒன்று. நாம் சாக் என்று சொல்வதில் சுண்ணாம்பே இல்லை. 1897ல் வில்லியம் ஸ்பிங்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலரும் காப்புரிமை பெற்ற கலவை அது. சிலிக்காவும் அலுமினியம் ஆக்ஸைடும் சேர்ந்த தூள். டிப் வழுக்காமல் இருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டுமானால் பாதி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒன்பதில் ஒருவன்

குறுக்கே வருகிறேன். அதே கோலால் பிரேக்கும் அடிக்கலாமா? தனிக் கோல் வாங்க வேண்டுமா?

திருகாணி

அடிக்கலாம், ஆனால் நல்ல அடுக்கு டிப்பை ஒவ்வொரு பிரேக்கிலும் நசுக்குவதற்கு மனம் வர வேண்டும். பிரேக் கோல்களில் பிசின் போன்ற கெட்டியான டிப் போடுவது அதற்காகத்தான். தொடக்கத்தில் தனிக் கோல் தேவையில்லை. பிரேக்குக்குச் சுவரோரக் கோலே போதும். நேராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் பட்டால் சரி.

பழைய கை

நேர் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். வளைந்த கோலுக்கு நம் மொழியில் கொடுங்கோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அரசனுக்கு மட்டும் அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

மேசையில் உருட்டிப் பார்ப்பது எல்லாரும் செய்வது. ஆனால் கோல் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்திருப்பதால் உருளும்போது கொஞ்சம் ஆடுவதுபோல் தெரிவது இயல்பு; அதைப் பார்த்துப் பயந்து நல்ல கோலை விட்டுவிடாதீர்கள். ஷாஃப்டை மட்டும் கழற்றி, மேசையின் மீது உருட்டி, டிப்புக்கும் பரப்புக்கும் நடுவே தெரியும் ஒளியைக் கவனியுங்கள். ஒளிக்கீற்று விரிந்து சுருங்கினால் வளைவு இருக்கிறது. பிறகு கோலைப் பூட்டி, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் பின்முனையிலிருந்து ஒரு கண்ணால் நோக்கி, மெல்லச் சுழற்றுங்கள். இணைப்பின் இடத்தில் மட்டும் ஒடிந்ததுபோல் தெரிந்தால் திருகு சரியில்லை.

வாங்கிய பின் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். நல்ல மரம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆட்டத்தில் அல்ல, காரில்தான்.

இரண்டாம்பந்து

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், ஆடுவதில் எழுத மறந்துவிட்டேன்.

நண்பர்கள் நால்வரின் கோல்களைக் கடன் வாங்கி, மேப்பிள் பித்தன் சொன்ன சோதனையைச் செய்தேன். சாதாரண ஷாஃப்டில் என் 25 செ.மீ. பிரிட்ஜ் ஏறக்குறைய பொருந்தியது, எனக்கே வியப்பு. மிகக் குறைந்த விலகல் கார்பன் ஷாஃப்டில் பிரிட்ஜை மிக நீளமாக்கினால்தான் பந்து கோட்டில் போனது, அப்போது அடி ஆடியது. இரண்டுக்கும் நடுவே ஒன்று, மரத்தில் செய்த குறைவிலகல் ஷாஃப்ட், 12.5 மி.மீ. பிரிட்ஜை ஒரு மூன்று விரல் அளவு நீட்டியதும் ஒத்துவந்தது. அதையே வாங்கினேன். திருகு 3/8×10, எடை 19, லினன் பிடி. பின்பாதியில் ஒரு கறுப்பு வளையத்தைத் தவிர வேலைப்பாடு எதுவுமில்லை. மிச்சப்பட்ட பணத்தில் நல்ல டிப்பும் கையுறையும்.

வேகமான அடிகளில் தூரத்துப் பந்து இப்போது விழுகிறது. ஆனால் பழைய கை ஐயா சொன்னது அப்படியே நடக்கிறது. மெதுவாகப் பக்கச் சுழற்சி கொடுத்தால் பந்து மறுபக்கம் தவறுகிறது. என்ன செய்ய?

பழைய கை

முதலில், கோலின் பின்பக்கத்தை இன்னும் தாழ்த்துங்கள். வளைவு குறையும். இரண்டாவது, அந்த அடிகளில் பாதிக்குப் பக்கச் சுழற்சி தேவையே இருந்திருக்காது. நடுவில் அடித்துப் பாருங்கள்.

நீலத்தூள்

இரண்டாவது அறிவுரைக்கு எந்தக் கடையிலும் கட்டணம் வாங்க முடியாது என்பதால்தான் யாரும் சொல்வதில்லை.

ஒன்பதில் ஒருவன்

சாதாரண ஷாஃப்ட் உங்களுக்கு ஏற்கெனவே பொருந்தியதே, பிறகு ஏன் அதை வாங்கவில்லை?

இரண்டாம்பந்து

வாங்கியிருக்கலாம்தான். அந்தச் சோதனையில் பின்கையை மட்டும் நகர்த்தினேன். ஆட்டத்தில் நான் கோலையே இணையாகத் தள்ளி வைத்து அடிக்கிறேன். அப்படி அடித்தால் சாதாரண ஷாஃப்டின் ஒதுங்கல் முழுவதும் என் தலையில். ஒதுங்கல் குறைந்ததில் பிழையும் குறைந்தது. இது புரிய எனக்கு மூன்று மாலைகள் ஆயின.

மேப்பிள் பித்தன்

அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் தவறு.

திருகாணி

சுவரோரக் கோலை இப்போது தொடுவதே இல்லையா?

இரண்டாம்பந்து

பிரேக்குக்கு மட்டும். அந்த வில் போல் வளைந்ததைத்தான் எடுக்கிறேன். வேறு யாரும் அதற்குப் போட்டிக்கு வருவதில்லை.